‘லோகோ’: முத்திரையா, இலச்சினையா, பெயர்க்குறியா?

அன்புடையீர், வணக்கம்.

‘லோகோ’ என்னும் சொல்லுக்குத் தமிழில் எதை வைத்துக்கொள்வது என்று இங்கே சில நாள்களாகக் கடிதங்களில் உரையாடல் நடந்துவருகிறது; அடையாளச் சின்னம், சின்னம், முத்திரை, இலச்சினை, பொறி என்று பல சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. அதை நான் ஒரு தேவையோடு படித்துவருகிறேன். கும்பகோணத்தில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். பில் புத்தகம், திருமணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு ஆகியவையே எங்கள் அன்றாட வேலை. என் அக்காள் மகன் சென்ற ஆவணியில் புகைப்படக் கடை திறந்தான். கடைக்கான எழுத்து வேலைகள் எல்லாம் தமிழிலேயே இருக்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தில் எனக்கும் பங்கு உண்டு.

முதலில் அவன் ஒரு கடைக்கு, “எங்கள் கடைக்கு முத்திரை ஒன்று செய்து தரவும்” என்று எழுதி அனுப்பினான். நான்கு நாள் கழித்து ரப்பர் ஸ்டாம்பு வந்தது. கடைப்பெயர், தெரு, தொலைபேசி எண் எல்லாம் பிழையின்றி இருந்தன. அடுத்து வேறொரு ஓவியரிடம் ‘சின்னம்’ வேண்டும் என்று கேட்டான். கோபுரத்துக்குள் கேமரா இருப்பது போன்ற படம் வந்தது. அதில் கடையின் பெயர் எங்கும் இல்லை. “மாமா, நான் கேட்க நினைத்தது இது இல்லை. ஆனால் நான் எழுதியதற்கு இதுதானே பொருள்?” என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. செய்து கொடுத்த இருவர் மீதும் பிழை இல்லை. சொல்லில்தான் குறை இருந்தது.

இங்கே இதுவரை முன்வைக்கப்பட்ட சொற்களில் ‘அடையாளச் சின்னம்’ நீளமானது. அச்சகத்தில் ஒரு நாளைக்கு இருபது முறை சொல்ல வேண்டிய சொல்லை எவரும் இவ்வளவு நீளமாகச் சொல்லமாட்டார்கள். ‘சின்னம்’ என்றால் தேர்தல் சின்னமே மக்கள் நினைவுக்கு வருகிறது; அதோடு அரசுச் சின்னம், நினைவுச் சின்னம் என்று அது ஏற்கெனவே பல சுமைகளைத் தாங்குகிறது. ‘முத்திரை’ ரப்பர் ஸ்டாம்புக்கும் பரத நாட்டியத்துக்கும் போய்விட்டது. எனவே உண்மையான போட்டி ‘இலச்சினை’ என்னும் சொல்லோடுதான்.

‘இலச்சினை’க்காக வாதாடிய அம்மையார் சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். நாளிதழ்கள் அதைப் பயன்படுத்துகின்றன. மாநாட்டுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் இலச்சினை வெளியிடப்பட்டதாகச் செய்தி வருகிறது. படித்தவர்களுக்கு அது புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லின் உள்ளே ஓர் அதிகாரம் இருக்கிறது. சோழர் செப்பேடுகளின் வளையத்தில் பொருத்தப்பட்ட இலச்சினையைப் படத்திலாவது பார்த்தவர்கள் அதை உணர்வார்கள். அமர்ந்த புலி, அதன் அருகே இரண்டு கயல், வில், மேலே குடை, இருபுறமும் சாமரம். சேர பாண்டியரின் அடையாளங்களையும் தன் அடையாளத்தோடு சேர்த்து வைத்துக்கொண்ட ஓர் அரசு, ‘இது என் ஆணை’ என்று சொல்லும் உரு அது. நாகப்பட்டினத்தில் இருந்த பௌத்த மடமான சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததைச் சொல்லும் செப்பேடுகளிலும், அந்தக் கொடையை உறுதி செய்வது எழுத்தோடு சேர்ந்த இலச்சினைதான். அரசு, பல்கலைக்கழகம், மாநகராட்சி ஆகியவற்றுக்கு இந்தச் சொல் பொருந்துகிறது. முகூர்த்த நாளில் விடியற்காலை நான்கு மணிக்குக் கேமரா பையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடும் ஒருவனுக்கு அது பொருந்துமா என்பதே என் ஐயம்.

இந்த ஐயம் எனக்குப் புதிதாகத் தோன்றியது அன்று. நம் காவிரிக் கழிமுகத்திலேயே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த வேறுபாடு கண்ணெதிரே இருந்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்துறையைப் பற்றிப் பட்டினப்பாலை பேசும்போது, கப்பலிலிருந்து இறங்கும் பண்டமும் கப்பலில் ஏறும் பண்டமும் குவிந்து கிடக்க, அரசனின் காவலர் அவற்றின் மேல் ‘புலி பொறித்துப் புறம் போக்கி’யதாகச் சொல்கிறது. சுங்கம் கண்காணிக்கப்பட்டதற்கு அடையாளமான அரசின் புலி அது. அதே பட்டினத்தின் பண்டசாலையைச் சொல்லும் சிலப்பதிகாரம், ‘வம்ப மாக்கள் தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி’ என்கிறது. வெளியூரிலிருந்து வந்த வணிகர்கள் தம் பெயரைப் பொதியின் மேல் பொறித்திருக்கிறார்கள். ஆக, புகார் எனப்பட்ட அந்தக் காவிரிப்பூம்பட்டினத்தின் பண்டத்தின் மேல் இருவகைக் குறிகள் இருந்தன: ஒன்று அரசனுடையது, மற்றொன்று சரக்குக்கு உரியவனுடையது.

நாம் ‘லோகோ’ என்று சொல்வது இவற்றுள் இரண்டாவது. அதிகாரத்தின் அடையாளத்துக்கு இலச்சினை என்ற சொல் இருக்கட்டும்; உரியவனின் அடையாளத்துக்கு வேறு சொல் வேண்டும். அதற்கு நான் முன்மொழியும் சொல் ‘பெயர்க்குறி’.

லோகோ என்ற சொல்லின் வரலாறும் இதற்கு ஒத்துவருகிறது. அது பெரும்பாலும் ‘லோகோடைப்’ என்பதன் சுருக்கமாகவே விளக்கப்படுகிறது. சொல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லும் அச்சு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லும் சேர்ந்தது அது. ஈயத்தால் எழுத்து வார்த்த காலத்தில், பல எழுத்துகளையோ முழுச் சொல்லையோ ஒரே கட்டியாக வார்த்ததற்கு அந்தப் பெயர். 1785இல் லண்டனில் ஜான் வால்ட்டர் என்பவர், சொற்களை இப்படி முழுதாக வார்த்துக் கோக்கும் முறையை நம்பி ஒரு நாளிதழையே தொடங்கினார். அந்த முறை நிலைக்கவில்லை, ஆனால் நாளிதழ் 1788இல் ‘தி டைம்ஸ்’ என்று பெயர் மாறி இன்றுவரை வருகிறது. எங்கள் அச்சகத்திலும் ஈய எழுத்து இருந்தவரை, வாடிக்கையாளரின் கடைப்பெயரைத் துத்தநாகத்தில் ‘பிளாக்’ ஆக எடுத்து மரக்கட்டையில் அறைந்து வைத்திருப்போம். ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகக் கோக்க மாட்டோம். பிளாக்கை அப்படியே தூக்கி வைப்போம். ஒரு பெயர், பிரிக்க முடியாத ஒரே உருவாக ஆகிவிடுவதே லோகோ என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

‘குறி’ என்ற சொல் வேண்டாம், அது சோதிடத்தையும் வேறு சிலவற்றையும் நினைவூட்டும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். தனியாக நிற்கும் சொல்லுக்கு அந்தத் தடை உண்மைதான். ஆனால் நிறுத்தக்குறி, வினாக்குறி, வணிகக்குறி (டிரேட் மார்க்) என்று கூட்டுச்சொல்லில் வரும்போது எவரும் தயங்குவதில்லை. அதோடு, உரிமையைக் காட்டும் அடையாளத்துக்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் சொல்லே குறிதான். என் தாத்தா களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்த பிறகு, வீடு திரும்புமுன் குவியலின் மேல் சாணிப்பாலால் கோடு இழுத்து வைப்பார். இரவில் யாரேனும் ஒரு மரக்கால் அள்ளினாலும் நெல் சரிந்து கோடு உடைந்துவிடும். விடிந்ததும் முதல் வேலையாக, ஈரம் காய்ந்து வெளிறிப்போன அந்தக் கோட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே சாக்கை விரிக்கச் சொல்வார். ‘குறி போட்டாச்சா?’ என்பதே களத்தில் அன்றைய கடைசிக் கேள்வி. சலவைத் தொழிலாளர்கள் வேட்டியின் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் வைத்த கறுப்புப் புள்ளிக்கும், மாட்டின் தொடையில் போட்ட சூட்டுக்கும் இதே பெயர்தான். படிக்கத் தெரியாதவரும் பார்த்த உடனே ‘இது இன்னாருடையது’ என்று அறியும்படி வைப்பது குறி. இதைவிடத் துல்லியமாக லோகோவின் வேலையை எப்படிச் சொல்வது?

‘பொறி’ என்னும் பழஞ்சொல்லை மீட்கலாம் என்ற கருத்தும் எனக்குப் பிடித்திருந்தது. மேலே காட்டிய இரண்டு இடங்களிலும் வருவது அந்தச் சொல்தான். ஆயினும் எலிப்பொறியும் பொறியியலும் தேடுபொறியும் வேரூன்றிவிட்ட இந்நாளில் ‘பெயர்ப்பொறி’ என்றால் அதை ஒரு கருவி என்றே எண்ணுவார்கள். பொறித்தல் என்ற வினையை மட்டும் வைத்துக்கொள்வோம்: பெயர்க்குறியைப் பொறித்தல்.

பெயரே இல்லாமல் படம் மட்டும் உள்ள லோகோவைப் பெயர்க்குறி எனலாமா என்பது வலுவான கேள்வி. எனலாம் என்றே நினைக்கிறேன். படம் மட்டும் இருந்தாலும் அது ஒரு பெயரைக் குறிக்கவே இருக்கிறது. பெயரைச் சொல்லாத படம் அலங்காரமே ஆகும். ஆனால் வகை பிரிக்க வேண்டிய இடத்தில் பிரிக்க வேண்டும். பெயரின் எழுத்து வடிவமே லோகோவாக இருந்தால் ‘சொற்குறி’. உருவம் மட்டும் என்றால் ‘உருக்குறி’. இரண்டும் சேர்ந்தால் ‘இணைகுறி’. ‘எழுத்துக்குறி’ என்பதை நான் தவிர்த்ததற்குக் காரணம், கணினித் துறையில் அது வேறு பொருளில் ஏற்கெனவே வழங்குகிறது.

இந்தப் பிரிவு சட்டத்துக்கும் உதவும். 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டப்படி பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது, சொல்லை மட்டும் பதிகிறோமா, வரைந்த உருவத்தைப் பதிகிறோமா என்று சொல்லியாக வேண்டும். பதிவுக்காகப் பண்டங்களையும் சேவைகளையும் பிரித்திருக்கும் வகுப்புகளில், புகைப்படச் சேவை 41ஆம் வகுப்பில் வருகிறது. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். ஆகவே ‘பெயர்க்குறி’ என்பது வரைந்த பொருள். ‘வணிகக்குறி’ என்பது அதற்குச் சட்டம் தரும் நிலை. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டு, பதிவு செய்யாத லோகோவின் அருகே வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் போடச் சொல்லி வருபவர்களை நான் அச்சகத்தில் அடிக்கடி பார்க்கிறேன். பதிவு ஆகாததைப் பதிவு ஆனதாகக் காட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது.

இனி என் அக்காள் மகனுக்கு வருகிறேன், ஏனென்றால் சொல் சரியானதும் வேலையும் சரியானது. அவன் கடைக்கு ஆற்றின் பெயரையே வைத்திருக்கிறான்: காவிரி. இந்தப் பக்கத்தில் மருந்துக்கடை முதல் உரக்கடை வரை அந்தப் பெயரில் எத்தனையோ கடைகள் இருக்கின்றன. இப்படிப் பலருக்கும் பொதுவான பெயரில், கோபுரமும் கேமராவும் அவனைத் தனித்துக் காட்டப் போவதில்லை. கோபுரம் தஞ்சையில் எல்லாருக்கும் உரியது, கேமரா புகைப்படக்காரர் எல்லாருக்கும் உரியது. எனவே மூன்றாம் முறை எழுதும்போது, “கடைப்பெயரின் எழுத்துகளையே வரைந்து பெயர்க்குறி செய்து தரவும், சொற்குறியாக இருக்க வேண்டும், தனிப்படம் வேண்டாம்” என்று எழுதச் சொன்னேன். பெயர்க்குறி என்ற சொல்லை முன்பு கேட்டிராத அந்த ஓவியர், விளக்கம் கேட்காமலேயே வரைந்து அனுப்பினார்.

வந்ததைப் பார்த்து நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். ‘வி’, ‘ரி’ என்னும் இரண்டு எழுத்துகளின் மேல்விலங்குகளையும் அவர் அடுத்தடுத்த இரண்டு அலைகளாக இழுத்திருந்தார். இரண்டாவது அலையின் முனை சுருண்டு லென்சின் வளையமாக முடிந்திருந்தது. வேறு எந்தப் படமும் இல்லை. குறை ஒன்று மட்டும் இருந்தது. புகைப்படத்தின் மூலையில் வாட்டர்மார்க்காகச் சிறிதாக்கி வைத்தபோதும், ஆல்பத்தின் அட்டையில் தங்க ஃபாயில் அழுத்திப் பார்த்தபோதும், அந்த வளையத்தின் உள்வெளி அடைபட்டு வெறும் புள்ளியாகிவிட்டது. ஈய எழுத்துக் காலத்தில் தேய்ந்த ‘ழ’வின் சுழியில் மை அடைத்துக்கொள்வதை இத்தனை ஆண்டுகள் பார்த்த எனக்கு அது உடனே பட்டது. வளையத்தை ஒரு பங்கு அகலமாக்கி, கோட்டை மெலிதாக்கித் தரச் சொன்னோம். இப்போது அரை அங்குல அகலத்திலும், ஒரே கறுப்பு நிறத்திலும் அது தெளிவாக விழுகிறது. சொற்குறிக்கு இந்தச் சோதனை கட்டாயம் என்பதால், அதற்கும் ஒரு சொல் தேவைப்படலாம். அதை வேறு கடிதத்தில் பேசலாம்.

‘பெயர்க்குறி’யில் ஒற்று மிகுமா என்று கேட்டிருந்தவருக்கு: பெயர்ப்பலகை, பெயர்ச்சொல் என்பவற்றைப் போலவே மிகும்.

தை மாத முகூர்த்தங்களுக்கு முன் எங்கள் அச்சகத்தின் ஆர்டர் படிவத்தைப் புதிதாக அச்சிடுகிறோம். அதில் ‘லோகோ’ என்று இருந்த கட்டத்தில் ‘பெயர்க்குறி’ என்றும், அதன் கீழே சொற்குறி, உருக்குறி, இணைகுறி என மூன்று சிறு கட்டங்களும் வைத்திருக்கிறேன். பழகும்வரை பக்கத்தில் ‘லோகோ’ என்பதும் சிறிய எழுத்தில் இருக்கும். மறுப்புள்ளவர்கள் மார்கழி முடிவதற்குள் காரணத்தோடு எழுதினால், அச்சுத்தட்டு எடுப்பதற்கு முன் திருத்திக்கொள்வேன்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து ஓர் அச்சகத்தார்