டி பிளாக் குரூப்: கோவம் வந்தா தலையணையைக் குத்தலாமா?

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு, டி பிளாக் குரூப். சனிக்கிழமை, இரவு 7:42

குமார் அண்ணன்: [பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது] டீன் ஏஜ் பிள்ளைகளுக்குக் கோபம் வந்தால்: 1. பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். 2. தலையணையைக் குத்தச் சொல்லுங்கள், கோபம் வெளியேறிவிடும். 3. ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். 4. நல்லதையே நினைக்கச் சொல்லுங்கள். அனைவருக்கும் பகிரவும்.

குமார் அண்ணன்: காலாண்டு மார்க் வர்ற நேரம், எல்லா வீட்டுக்கும் யூஸ் ஆவும்னு போட்டேன்

லதா 3வது மாடி: நல்லதுண்ணா. தலையணைக்கு பஞ்சு யாரு வாங்கித் தருவா?

பாக்ஸிங் மாஸ்டர்: அண்ணே ரெண்டாவது பாயிண்ட் தப்பு. குத்துனா கோவம் வெளிய போவாது, ஏறும்.

குமார் அண்ணன்: இன்னா மாஸ்டர், நீங்களே பசங்கள பையில குத்த வெச்சினுகீறீங்க

பாக்ஸிங் மாஸ்டர்: அது கை கால் பழக்கத்துக்கு. கோவத்தோட குத்துறவன் மூச்சை அடக்கிப்பான். தோள் இறுகும், முகத்தை மறைக்கிற கை கீழ எறங்கும், ரெண்டாவது ரவுண்டுலயே கை கனத்துடும். எவனையோ மனசுல வெச்சுகினு குத்துறான்னு தெரிஞ்சா அவனை பை கிட்ட இருந்து நகத்திட்டு ஸ்கிப்பிங் கயிறு குடுத்துடணும்.

சாந்தி அக்கா (மனநல கவுன்சிலர்): மாஸ்டர் சொல்றது கரெக்ட். 2002ல பிராட் புஷ்மன்னு அமெரிக்க உளவியலாளர் 600 காலேஜ் பசங்களை வெச்சு இதையே சோதிச்சுப் பாத்தார். கோவப்படுத்தினவனை நினைச்சுக்கிட்டே பையைக் குத்தினவங்களுக்குத்தான் கோவம் அதிகமா இருந்துச்சு. சும்மா உக்காந்திருந்தவங்க அவங்களை விடத் தேவலை. ஓடுறது, நடக்கறது, ஸ்கிப்பிங் எல்லாம் நல்லதுதான், ஆனா சண்டையை மனசுல ஓட்டிக்கிட்டே செய்யக் கூடாது.

பாத்திமா 1வது மாடி: தண்ணி லாரி வந்துச்சா?

லதா 3வது மாடி: இன்னும் இல்ல பாத்திமாக்கா

லதா 3வது மாடி: சாந்தி அக்கா, அப்ப பத்து எண்றது?

சாந்தி அக்கா (கவுன்சிலர்): வாயில இருந்து வார்த்தை விழாம தடுக்க உதவும். அதுக்கு மேல எதிர்பாக்காத. கோவம் உச்சிக்குப் போனா நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், சூடு எல்லாம் அடங்க குறைஞ்சது 20 நிமிஷம் ஆகும். அந்த நேரத்துல ஒரு பிள்ளைக்கு நியாயம் சொன்னா காதுல ஏறாது. யோசிச்சு நிதானிக்கிற முன்மூளை முழுசா முதிர 25 வயசு கிட்ட ஆகும். உணர்ச்சி கிளம்புற பகுதியோ வயசுக்கு வர்றப்பவே வேகமா வேலை செய்ய ஆரம்பிச்சிடும். திமிர்னு நாம நினைக்கிறதுல பாதி இதுதான்.

குமார் அண்ணன்: மீதி பாதி திமிருதானே மா

சாந்தி அக்கா (கவுன்சிலர்): இருக்கட்டும்ணா, அதையும் 20 நிமிஷம் கழிச்சே கேளுங்க

பாக்ஸிங் மாஸ்டர்: ரவுண்டுக்கு நடுவுல ஒரு நிமிஷம்தான் ரெஸ்ட். பையன் மூலைக்கு வந்து உக்காந்ததும் எந்த கோச்சும் லெக்சர் குடுக்க மாட்டான். மொத மூச்சு, அப்புறம் ஒரு வாய் தண்ணி, கடைசி பத்து இருவது செகண்டுல ஒரே ஒரு விஷயம். மூணு சொன்னா ஒண்ணு கூட நிக்காது. வீட்டுலயும் அதே கணக்குதான்.

மேரி சிஸ்டர்: மூணாவது பாயிண்ட் பத்தி நான் சொல்றேன். "ஆழமா இழு, இன்னும் ஆழமா இழு"ன்னு சொல்லாதீங்க. பதட்டத்துல ஏற்கெனவே வேகமாத்தான் மூச்சு வாங்குது. இன்னும் பெருசா இழுத்தா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும். தலை சுத்தும், விரல் நுனியும் உதட்டைச் சுத்தியும் மரத்துப் போகும். அதைப் பாத்து பிள்ளை இன்னும் பயந்துடும்.

மேரி சிஸ்டர்: இப்படிச் செய்யணும். மூக்கால சாதாரணமா இழு, மனசுக்குள்ள 4 எண்ணு. அடக்காத. வாயைக் குவிச்சு சூடான டீயை ஊதுற மாதிரி மெதுவா விடு, 6 எண்ணு. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். மூணுல இருந்து அஞ்சு நிமிஷம். வெளிய விடுறது நீளமா இருக்கணும், அப்பதான் இதயத் துடிப்பு இறங்கும். 6 முடியலன்னா 3க்கு இழுத்து 4க்கு விடட்டும்.

மேரி சிஸ்டர்: ராத்திரி படுக்கும்போது தினம் பழகணும். சண்டை நடுவுல முதல் முறையா சொல்லிக் குடுத்தா "போம்மா நீ"ன்னுதான் பதில் வரும்.

ஹரிணி பிளஸ் ஒன்: சிஸ்டர் ஆன்ட்டி, முகத்துல ஐஸ் வெச்சா அடங்கும்னு ரீல்ஸ்ல பாத்தேன். உண்மையா?

மேரி சிஸ்டர்: உண்மைதான் கண்ணு. ஆனா ஐஸை நேரா தோல்ல வைக்காத. ஃப்ரிட்ஜ் தண்ணியில துண்டை நனைச்சுப் பிழிஞ்சு, கண்ணும் கன்னத்து மேல்பக்கமும் மூடுற மாதிரி வெச்சு, கொஞ்சம் முன்னாடி குனிஞ்சு, மூச்சைப் பிடிச்சு 15ல இருந்து 30 செகண்ட். அந்த இடத்துல குளிர்ச்சி பட்டா துடிப்பு தானா குறையும். தண்ணிக்குள்ள முங்குறப்ப உடம்பு அப்படித்தான் செய்யும். பின்கழுத்துல வெச்சா அந்த பலன் வராது. இதய நோய் இருக்கற பிள்ளைங்க, சாப்பாட்டை ஒதுக்கி ரொம்ப மெலிஞ்ச பிள்ளைங்க இதைச் செய்ய வேண்டாம்.

லதா 3வது மாடி: அக்கா எங்க வீடு உள்பட எல்லாம் ஒரே ரூமு. கோவம் வந்தா எங்க போய் 20 நிமிஷம் உக்காருவாங்க?

சாந்தி அக்கா (கவுன்சிலர்): நல்ல கேள்வி லதா. புஸ்தகத்துல "தனி அறைக்குப் போ"ன்னு ஈசியா எழுதிடறாங்க. இங்க மாடிப்படி, வராண்டா, இல்லன்னா சுவரைப் பாத்து திரும்பி உக்கார்றது. இடத்தை விட ஒப்பந்தம்தான் முக்கியம். வீடு அமைதியா இருக்கற ஒரு நாள் முன்கூட்டியே பேசி வெச்சுக்கணும். "அப்புறம்"னு ஒரே வார்த்தை சொன்னா ரெண்டு பேரும் வாயை மூடணும். பெத்தவங்களும்தான். பின்னாலயே போய் கதவைத் தட்டக் கூடாது. எப்ப திரும்பிப் பேசுவோம்னு நேரம் சொல்லிடணும், "எட்டரைக்கு"ன்னு. அந்த நேரத்துக்குப் பேசியே ஆகணும். பேசாம விட்டா அந்த வார்த்தை தப்பிக்கிற வழியா மாறிடும், ஒரு மாசத்துல யாரும் மதிக்க மாட்டாங்க.

சாந்தி அக்கா (கவுன்சிலர்): அந்த இடைவெளியில ஃபோனும் வேண்டாம். சண்டை போட்ட ஃப்ரெண்டோட ஸ்டேட்டஸைத்தான் போய்ப் பாப்பாங்க. பதில் அனுப்பியே ஆகணும்னு கை பரபரத்தா, அவன் சாட்ல டைப் பண்ணாம நோட்ஸ்ல டைப் பண்ணி வைக்கட்டும். காலையில அதே வார்த்தை சரின்னு பட்டா அனுப்பலாம். எல்லாருக்கும் டெலீட் குடுத்தாலும் ஸ்கிரீன்ஷாட் போயிருக்கும்.

ஹரிணி பிளஸ் ஒன்: கிளாஸ்ல அழுகை வந்தா அடக்கிக்கிட்டா தப்பா அக்கா?

சாந்தி அக்கா (கவுன்சிலர்): ஒரு பீரியடுக்கு அடக்கறதுல தப்பில்ல மா, அந்த இடம் அப்படி. ஆனா முகத்தை மறைக்கிறதுலயே கவனம் போயிடும், டீச்சர் நடத்துறது மனசுல நிக்காது. உள்ள இருக்கற துக்கமும் குறையாது. அதனால பெல் அடிச்சதும் பாத்ரூம் போய் முகம் கழுவு, நம்புற ஒருத்தர்கிட்ட ஒரு வரி சொல்லிடு. வாரக்கணக்கா அடக்கறதுதான் கெடுதல். பசங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன், "ஆம்பள பையன் அழலாமா"ன்னு சொல்ற வீடுகள்ல அந்த அழுகைதான் சட்டையைப் பிடிக்கிற கோவமா வெளிய வருது.

பாக்ஸிங் மாஸ்டர்: பசங்க எல்லாத்துக்கும் "காண்டாவுது"ன்னு ஒண்ணே சொல்லுவானுங்க. டீம்ல பேர் வரலன்னாலும் காண்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னாலும் காண்டு.

சாந்தி அக்கா (கவுன்சிலர்): அங்கதான் விஷயமே இருக்கு மாஸ்டர். "காண்டுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி என்ன இருந்துச்சு?"ன்னு கேக்கணும். அவமானமா, பொறாமையா, பயமா, ஏமாத்தமா, பசியா. எதுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன செய்யறதுன்னு தெரியும். அவமானம்னா தனியா பேசணும். பயம்னா எதைப் பாத்து பயமோ அதைச் சின்னத் துண்டா உடைக்கணும். பசின்னா சோறு போடு, பேச்சே வேண்டாம்.

லதா 3வது மாடி: மார்க் ஷீட்ல கையெழுத்து கேட்டு ராத்திரி பத்து மணிக்குத்தான் நீட்டுதுங்க. அப்ப என்ன பண்றது?

சாந்தி அக்கா (கவுன்சிலர்): பத்து மணிக்கு நீட்டறதே பயத்தோட அடையாளம். கணக்குல 38ன்னு வெச்சுக்கோ. முதல்ல கையெழுத்து போட்டுக் குடு, விசாரணை நாளைக்கு. மறுநாள் பேப்பரும் பேனாவும் எடுத்து பிள்ளையையே ரெண்டு பக்கமா எழுதச் சொல்லு. ஒரு பக்கம் நடந்தது: "38 வாங்கினேன், பாஸ் மார்க் 35." இன்னொரு பக்கம் மனசு சொல்றது: "நான் பப்ளிக்ல ஃபெயில்தான், எல்லாரும் சிரிப்பாங்க." அப்புறம் விடைத்தாளை விரிச்சு எந்தப் பாடத்துல எத்தனை போச்சுன்னு எண்ணுங்க. வடிவியல்ல மட்டும் 20 போயிருந்தா பிரச்சினை வடிவியல், பிள்ளை இல்ல.

குமார் அண்ணன்: அப்ப நாலாவது பாயிண்ட், நல்லதையே நினைக்கிறது?

சாந்தி அக்கா (கவுன்சிலர்): வேலைக்கு ஆகாதுண்ணா. "அதை நினைக்காத"ன்னு மனசுக்குச் சொன்னா அதுவேதான் திரும்பத் திரும்ப வரும். நல்லது கெட்டதை விட உண்மையா இருக்கறதை நினைக்கச் சொல்லுங்க.

பாத்திமா 1வது மாடி: லாரி வந்துடுச்சு, குடம் எடுத்துட்டு வாங்க

பாத்திமா 1வது மாடி: சிஸ்டர், தூக்கத்துக்கும் கோவத்துக்கும் சம்பந்தம் இருக்கா? பசங்க 1 மணி வரைக்கும் முழிச்சிருக்குதுங்க

மேரி சிஸ்டர்: நிறையவே இருக்கு பாத்திமாக்கா. இந்த வயசுல 8ல இருந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும். தூக்கம் வரவைக்கிற மெலடோனின் இந்த வயசுல லேட்டாத்தான் சுரக்கும், அதனால 9 மணிக்குப் படுன்னா படுக்க முடியாதுதான். ஆனா 1 மணி ஃபோனால. படுக்க ஒரு மணி நேரம் முன்னாடி ஃபோன் சமையல் மேடையில சார்ஜுக்குப் போகட்டும், பெரியவங்களோடதும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல காபி டீ வேண்டாம், குடிச்ச காஃபீன்ல பாதி அஞ்சு மணி நேரம் கழிச்சும் உடம்புல இருக்கும். காலையில ரெண்டு இட்லியாவது உள்ள போகணும். பொண்ணுங்களுக்கு பீரியட்ஸுக்கு முந்தின வாரம் எரிச்சலும் அழுகையும் கூடும். காலண்டர்ல குறிச்சு வெச்சா "எனக்கென்ன ஆச்சு"ங்கற பயம் பாதி போயிடும்.

லதா 3வது மாடி: எப்ப டாக்டர்கிட்ட போகணும்?

மேரி சிஸ்டர்: ரெண்டு வாரத்துக்கு மேல பெரும்பாலான நாள் வாட்டமாவே இருந்தா. பிடிச்ச விளையாட்டையே விட்டுட்டா. சாப்பாடும் தூக்கமும் தலைகீழா மாறினா. கையில கீறல் இருந்தா, வெயில்லயும் முழுக்கை சட்டையைக் கழட்டலன்னா. "நான் இல்லன்னா நல்லா இருப்பீங்க"ன்னு சொன்னா ரெண்டு வாரமெல்லாம் பாக்காதீங்க, அன்னைக்கே. நேராவே கேளுங்க, "செத்துடலாம்னு தோணுதா?"ன்னு. கேக்கறதால அந்த நினைப்பு வராது, இருந்தா சொல்ல வழி கிடைக்கும். தனியா விடாதீங்க. வீட்டுல இருக்கற மாத்திரை, எலி மருந்து, பினாயில் எல்லாம் பூட்டுக்குள்ள போகணும்.

சாந்தி அக்கா (கவுன்சிலர்): நமக்குப் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி, அங்க மனநலப் பிரிவு இருக்கு. காலையில ஓ.பி.க்குப் போகலாம். ஃபோன்னா டெலி மானஸ்னு அரசாங்க மனநல உதவி எண் 14416, காசு இல்ல, தமிழ்ல பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

குமார் அண்ணன்: 14416 ராத்திரில எடுப்பாங்களா மா?

சாந்தி அக்கா (கவுன்சிலர்): 24 மணி நேரமும். பிள்ளைங்களே நேரா பண்ணலாம், அவங்க ஃபோன்லயும் நம்பரைப் பதிஞ்சு குடுங்க.

குமார் அண்ணன்: சரி, மேல போட்ட ஃபார்வர்டை டெலீட் பண்றேன்

பாக்ஸிங் மாஸ்டர்: பத்து எண்றத மட்டும் உட்டு வைங்கண்ணே

லதா 3வது மாடி: லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறாரு, ரெண்டாவது மாடி யாரும் இறங்கலையா?