ஊறவைத்த விதையும் உறங்கிப்போன நானும்

மானாவாரிக்காரன்:
விதைத்ததும் சீக்கிரமாக, ஒரே சீராக முளைக்கட்டும் என்று மாலை ஐந்து மணிக்குச் சோள விதையை வாளியில் ஊறப்போட்டேன். விடிவதற்குள் எடுத்துவிடலாம் என்று கணக்கு. இரவு மழை பிடித்துக்கொண்டது. காலையில் வயலில் கால் வைக்க முடியவில்லை. விதையை அப்போதே உலர்த்தியிருக்க வேண்டும். நானோ தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கால் மூடிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். மறுநாள் திறந்தால் பாதிக்கு மேல் வெள்ளை முனை நீட்டியிருந்தது. முளைத்தே விட்டதே என்ற பூரிப்பில் விதைப்புக் கருவியில் கொட்டினேன். முளை ஒடிந்ததுதான் மிச்சம். வரிசைக்கு வரிசை பொட்டல்.

விதை முதலில் மடமடவென்று தண்ணீர் குடிக்கிறது. பிறகு வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே வேலை நடக்கிறது. அதன் பிறகே முளைவேர் வெளிவருகிறது. அந்த நடுக்கட்டத்தில் நிறுத்தி உலர்த்தினால் விதை தாங்கும். வேர் எட்டிப் பார்த்துவிட்டால் தாங்காது. இப்போதெல்லாம் சோளத்துக்கு 10 மணி நேரம்தான், அதுவும் அலாரம் வைத்து.

ஈரக்கை:
என்னுடையது மக்காச்சோளம். வெறும் தண்ணீரில் 16 மணி நேரம். மேல் ஈரம் போகும்வரை நிழலில் பரப்பி, அன்றே விதைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க நான்கு வரிசைக்கு ஊறாத விதை போட்டிருந்தேன். அது இரண்டு நாள் பிந்தியது. முந்தி வந்ததைக் காட்டிலும், எல்லாம் ஒரே உயரத்தில் எழுந்ததுதான் எனக்குப் பிடித்தது. மருந்து கலந்து வரும் விதையை மட்டும் ஊறவைக்காதீர்கள், மருந்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

தராசு:
நாற்று நடாமல் நேரடியாக நெல் விதைப்பதற்கு, விதையைப் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பின் 1 சதவீதக் கரைசலில் ஊறவைக்கச் சொன்னார்கள். லிட்டருக்கு 10 கிராம். எனக்குத்தான் கை அளவு பழக்கமாயிற்றே, அள்ளிப் போட்டேன். உப்பு மிஞ்சினால் விதையால் தண்ணீரை இழுக்கவே முடியாது என்பது வயல் வெறிச்சோடிய பிறகு தெரிந்தது. மறுமுறை எடை போட்டு, 16 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் காயவைத்தேன். நன்றாக வந்தது. மிஞ்சிய விதையை அடுத்த பருவத்துக்கு எடுத்து வைத்தேன் பாருங்கள், அது வேறு கதை. பாதிகூட முளைக்கவில்லை.

மானாவாரிக்காரன்:
அண்ணா, நானும் ஒரு மூட்டை அப்படித்தான் எடுத்து வைத்திருக்கிறேன். இன்றே ஈரத்துணியில் நூறு விதை போட்டுப் பார்க்கிறேன்.