உதவி: கற்பனைக் கோளில் ஓயாத காற்றுக்கு என்ன காரணம் சொல்லலாம்?

தூவானம்: அவசரம். என் நாவலில் ஒரு கோள், பூமி மாதிரிதான். அங்கே ஒரு ஊரில் ஆண்டு முழுக்க மணிக்கு 200 கி.மீ. காற்று. வீதியில் ஆட்கள் நடக்கவும் வேண்டும். நம்பும்படி காரணம் வேண்டும், இன்றிரவு அத்தியாயத்தை முடிக்கணும்.

கடலோடி: பூமி மாதிரி என்றால்? ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம்? ஊர் கடற்கரையா, மலையா? காற்று எவ்வளவு அடர்த்தி?

தூவானம்: சொல்ல விட்டுப்போச்சு. அடர்த்தி பூமியைப்போல் 2 மடங்கு.

பழையகை: அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா தம்பி? இதற்கு இங்கே பலமுறை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. காற்று தள்ளும் விசை அடர்த்திக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். உங்கள் 200 கி.மீ., பூமியின் 280 கி.மீ. புயல்போல் தள்ளும். கூரையே நிற்காது, ஆள் எங்கே நடப்பது? செவ்வாயில் நேர்மாறு: 100 கி.மீ. காற்றும் இங்குள்ள 13 கி.மீ. அளவுக்குத்தான் தள்ளும்.

பம்பரம்: கோளை வேகமாகச் சுழல விடுங்கள். வியாழனில் ஒரு நாள் 10 மணி நேரம்கூட இல்லை, அங்கே அடிக்கும் காற்றைப் பாருங்கள்.

கடலோடி: சுழற்சி காற்றைத் திருப்பும், உண்டாக்காது. வெள்ளி ஒருமுறை சுழல 243 நாள். ஆனால் மேகங்களின் உச்சியில் 360 கி.மீ. காற்று. தரையிலோ ஆள் நடக்கிற வேகம்தான்.

வெயிலான்: எல்லாம் சூரிய வெப்பம். ஓரிடம் சூடு, ஓரிடம் குளிர் என்று இல்லாவிட்டால் காற்று ஏது?

பம்பரம்: அப்போ நெப்டியூன்? வெயில் எட்டாத இடம், அங்கே 2000 கி.மீ.!

வெயிலான்: அங்கே உராயத் தரையே இல்லை. உள்ளிருந்து வரும் வெப்பத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பழையகை: நெப்டியூனுக்குத் தனி இழை போடுங்கள்.

கொண்டல்: தூவானம், அன்டார்டிகாவின் டெனிசன் முனையைப் பாருங்கள். 1912-ல் ஆஸ்திரேலிய ஆய்வுப்பயணி மாசனின் குழு முகாமிட்ட இடம். பனிமேட்டில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் கடலை நோக்கி வழிந்துகொண்டே இருக்கும். ஆண்டுச் சராசரியே சுமார் 70 கி.மீ. காற்றின்மேல் சாய்ந்தபடி நடக்கப் பழகினார்கள். சட்டென ஓய்ந்தால் கீழே விழவேண்டியதுதான். உங்கள் அடர்த்தியில் 70 என்பது இங்கே 100 போல் தள்ளும். ஊருக்குப் பின்னால் ஒரு பனிமேடு வையுங்கள், போதும்.

கடலோடி: நாளுக்கு எத்தனை மணி என்று இன்னும் சொல்லவில்லையே?

தூவானம்: 70 ஆக்கிவிட்டேன். பனிமேடும் வந்தாச்சு. கிழவி ஒருத்தி சாய்ந்து நடந்து தண்ணீர் கொண்டுவருகிறாள், காற்று நிற்கிறது, குடம் விழுகிறது. கொண்டலுக்கு நன்றி.