கோத்தகிரிக் குளிரில் கார் மெழுகைத் தடவி எவ்வளவு நேரம் விட வேண்டும்?

தேயிலைச்சரிவு (கோத்தகிரி):

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகள் ஓடிய கருநீலக் கார் ஒன்றைச் சென்ற ஆகஸ்டில் வாங்கினேன். பெயின்ட் நன்றாக இருந்தாலும் பளபளப்பு மங்கியிருந்ததால், டப்பாவில் வரும் கெட்டி மெழுகை வாங்கி நானே பூசத் தொடங்கினேன். தடவி 5 முதல் 10 நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும் என்று டப்பாவில் அச்சிட்டிருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு வாசலில் நிறுத்தித் தடவி, கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பத்து நிமிடத்தில் துடைத்தேன். மெழுகு துணியோடு வராமல், எண்ணெய் பூசியதைப்போல் இழுபட்டு, பானெட் முழுவதும் கோடுகோடாகப் படிந்துவிட்டது.

நேரம் போதவில்லை போலும் என்று எண்ணி, அடுத்த வாரம் வெயிலடித்த ஒரு பிற்பகலில் வண்டி முழுவதும் தடவிவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது சுண்ணாம்பு அடித்த சுவரைப்போல் இறுகிக் கிடந்தது. தோள் வலித்ததுதான் மிச்சம். கதவுகளில் இன்னும் வெண்திட்டுகள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் இருக்கும் என் மைத்துனர் இதே டப்பாவை வைத்துக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் துடைத்துவிடுகிறார். நம் மலைக்கு எத்தனை நிமிடம் சரி? படிந்த வெள்ளையை எப்படி எடுப்பது?

பழைய ஷெட் (குன்னூர்):

ஐயா, உங்கள் மைத்துனரும் நீங்களும் செய்தது ஒரே வேலைதான், இடம்தான் வேறு. கெட்டி மெழுகில் பெரும்பாலும் கார்நூபா கலந்திருக்கும். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு அது. 80 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் உருகும், ஆறினால் கல்லைப்போல் இறுகும். அதைத் தடவும் பதத்துக்குக் கொண்டுவருவது, பெயின்டில் கலக்கும் தின்னர் போல ஆவியாகும் கரைப்பான். தடவிய பிறகு நாம் காத்திருப்பது அந்தக் கரைப்பான் பறந்து போவதற்காகத்தான். அது போனதும் மெழுகு மங்கலாக வெளுத்துப் பூத்து நிற்கும். தகடும் காற்றும் குளிர்ந்திருந்தால் கரைப்பான் மெதுவாகத்தான் பறக்கும். ஆகவே டப்பாவில் உள்ள பத்து நிமிடம் கோத்தகிரியின் காலை ஏழரை மணிக்குப் பொருந்தாது.

அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். இரவில் காரின் கூரையும் பானெட்டும் திறந்த வானத்துக்குச் சூட்டை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகின்றன. அதனால்தான் மழையே பெய்யாத நாளிலும் வண்டி காலையில் நனைந்திருக்கிறது. துணியால் ஒருமுறை துடைத்துவிட்டோம் என்று நாம் நினைத்தாலும், தகடு குளிராக இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாத ஈரம் மீண்டும் படிந்துகொண்டே இருக்கும். அதன்மேல் மெழுகு பிடிப்பதில்லை. நீங்கள் பார்த்த கோடுகள் பெரும்பாலும் அவ்வாறு வந்தவைதான்.

ஆகவே நிமிடத்தை விடுங்கள், விரலை நம்புங்கள். சுத்தமான விரல் நுனியால் மெழுகின்மேல் ஓர் அங்குல நீளம் நேராக ஒரு கோடு இழுங்கள். கோட்டின் அடியில் பெயின்ட் தெளிவாகப் பளிச்சென்று தெரிந்தால் துடைக்கலாம். மெழுகு ஈஷிக்கொண்டு மங்கலாக இழுபட்டால் இன்னும் காத்திருக்க வேண்டும். என் அனுபவத்தில், வெயில் ஏறிய பிறகு நிழலில் செய்தால் 10 முதல் 15 நிமிடம். மேகம் இறங்கிய நாளில் அரை மணி நேரமும் ஆகியிருக்கிறது. மேகம் வாசலுக்கே வந்துவிட்ட நாளில் நான் டப்பாவைத் திறப்பதே இல்லை.

இன்னொன்று: மெல்லியதாகத் தடவுங்கள். மெழுகு இருப்பதே தெரியாத அளவுதான் சரியான அளவு. மேலே ஏடு கட்டிக்கொண்டு உள்ளே ஈரமாக இருக்கும் தடித்த பூச்சுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் போதாது.

கோடைமேகம் (கொடைக்கானல்):

குன்னூர் நண்பர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கேட்டவரின் இரண்டாவது தவறு வேறு வகையானது. மலையில் காற்று குளிராக இருக்கிறது என்பதற்காக வெயிலை நாம் எளிதாக எடுத்துக்கொள்கிறோம். உயரம் கூடக் கூட வெயிலின் கடுமையும் கூடுகிறது. 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு வீதம் புறஊதாக் கதிர் அதிகமாகிறது என்பார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கும்போதே கருநீல பானெட்டைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் விட்டால் மெழுகு காய்ந்து ஒட்டத்தான் செய்யும். எனவே நிழல் வேண்டும், ஆனால் குளிர் நிழல் கூடாது. காலையில் வெயிலில் நின்று ஈரம் வற்றிய வண்டியை, பதினோரு மணிக்கு மேல் கூரையின்கீழ் கொண்டுவந்து, தகடு வெதுவெதுப்பாகத் தணிந்ததும் தொடங்குங்கள். வண்டி முழுவதும் ஒரேயடியாகத் தடவாமல், ஒரு கதவு, அது முடிந்ததும் அடுத்த கதவு என்று போவது புதியவருக்கு நல்லது.

டப்பாவில் இருப்பது எது என்பதையும் பாருங்கள். நான் மேலே சொன்னது இயற்கை மெழுகுக்குத்தான். செயற்கை சீலன்ட் என்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரம்கூட விடச் சொல்வார்கள். ஸ்ப்ரே மெழுகை உடனே துடைக்க வேண்டும். செராமிக் கோட்டிங்கை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது ஓரிரு நிமிடங்களில் வானவில் போல மின்னத் தொடங்கியதும் துடைக்கப்பட வேண்டும். இறுகிவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும்.

முப்பத்தாறு வளைவு (உதகை):

சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். படிந்த வெள்ளைக்கு எளிய வழி இருக்கிறது: அதே மெழுகைக் கொஞ்சம் புதிதாக அதன்மேல் தடவி, காய விடாமல் உடனே துடையுங்கள். புதிய மெழுகில் உள்ள கரைப்பான் பழையதை இளக்கிவிடும். பனியன் வேஸ்ட் வேண்டாம், அதிலுள்ள தையலும் பித்தானும் கருநீலத்தில் கீறல் போடும். மைக்ரோஃபைபர் துணி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகளில் மெழுகு பட்டால் லேசில் போகாது, முன்பே டேப் ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று, மாதமும் தவறு. எங்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர்வரை மழை என்றால், தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கும் உங்களுக்கு அக்டோபரும் நவம்பரும்தான் பெருமழை. ஜனவரி, பிப்ரவரியில் செய்யுங்கள். உறைபனி விழுந்த காலையில் மட்டும் பொறுத்திருங்கள்.

தேயிலைச்சரிவு (கோத்தகிரி):

மூவருக்கும் நன்றி. பொங்கல் விடுமுறையில் செய்து பார்த்தேன். வெண்திட்டு, உதகை அண்ணன் சொன்னபடி புது மெழுகு தடவியதும் வந்துவிட்டது. பதினொன்றரை மணிக்குக் கூரையின்கீழ் தொடங்கினேன். பானெட்டில் 12 நிமிடத்தில் விரல் கோடு தெளிந்தது. சுவரோரம் இருந்த இடப்பக்கக் கதவுக்கு 20 நிமிடம் ஆனது. ஒரே வண்டிக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டாவது பூச்சை அன்றே போடலாமா?

பழைய ஷெட் (குன்னூர்):

வேண்டாம். முதல் பூச்சின் கரைப்பான் முழுவதும் போகட்டும், மறுநாள் போடுங்கள். அதுவரை வண்டியைப் பனியில் நிறுத்தாதீர்கள்.