பிறப்புப் பதிவுல அப்பா பேர் கூட்டுல கோடு போட்டது யாரு?

கொழுந்துக்கூடை (பொகவந்தலாவ):
நேத்து டிக்கோயாக்காரன் இந்தக் குழுவுல எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. "கல்யாணம் பதியாத பொம்பளை பிள்ளையோட அப்பா பேரைச் சொன்னா பதிவாளர் எழுதிக்குவார், சொல்லாதவதான் எதையோ மறைக்கிறா"ன்னு எழுதியிருக்கார். எந்தக் கந்தோர்ல, எந்தப் பதிவு ஆபீஸ்ல அண்ணே எழுதிக்கிறாங்க? அக்கா மகளோட நான் போய் நின்னேன். 42 நாளுக்குள்ள பதியணுமேன்னு பிள்ளையைத் துணியில சுத்திக்கிட்டு மழையில போனோம். பேரை மூணு தரம் சொன்னா. அந்த ஐயா பேனாவைக் கீழ வச்சிட்டு, "அவரும் வந்து கையெழுத்துப் போடணும் அம்மா"ன்னார். அவன் கொழும்புல கடை வேலை, போன் எடுக்கல. அப்பா பேர் கூட்டுல நீளமா ஒரு கோடு விழுந்திச்சு. அவ அதைத் தடவிப் பார்த்தா, மை காயாம விரல்ல ஒட்டிக்கிச்சு. இதுல எதை மறைச்சா?

டிக்கோயாக்காரன்:
என் மாமா 22 வருஷம் பதிவாளர் கந்தோர்ல இருந்தவர். தாய் சொன்னா எழுதுவாங்க. உங்களுக்கு அங்க பேசத் தெரியல, அதுக்கு நான் என்ன செய்ய?

பதுளைப் பையன்:
அண்ணே, 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துல 21ஆம் பிரிவைப் பாருங்க. விவாகம் இல்லாத பிள்ளைக்கு அப்பா பேர் போடணும்னா தாயும், தகப்பன்னு ஒத்துக்கிறவரும் சேர்ந்து கேட்டு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். இல்லன்னா நீதிமன்றக் கட்டளை வேணும். மூணாவது வழி இல்ல.

டிக்கோயாக்காரன்:
புத்தகத்துல ஆயிரம் இருக்கும், நான் சொல்றது நடக்கிறது. போன மாசம் சம்பளப் பேச்சுல என்னைத் 'தோட்டத் துரைக்கு ஆள்'னு எழுதினவன் தானே நீ? உன்கிட்ட நான் சட்டம் படிக்கணுமா?

கொழுந்துக்கூடை:
சம்பளத்தை விடுங்க. ரெண்டு கையெழுத்தா, ஒண்ணா? அதைச் சொல்லுங்க.

ஓய்வு வாத்தியார் (ராகலை):
பிள்ளைகளே, மூலகாரணம் நம்மவர்களின் அறியாமை. விவாகத்தைப் பதியுங்கள் என்று முப்பது வருடம் தொண்டை கிழியச் சொன்னேன். கோயிலில் தாலி கட்டியதோடு சரி. பதிந்திருந்தால் இந்த வழக்கே இல்லை.

கொழுந்துக்கூடை:
சேர், அறியாமைன்னு லேசா சொல்லிட்டீங்க. மாரியம்மன் கோயில்ல ஊரே பார்க்க அவளுக்குத் தாலி ஏறுச்சு. மறுநாள் காலையில பிரட்டுக்கு, அதான் தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போகணும், போகாட்டி அன்னைக்குப் பேர் இல்ல, சம்பளமும் இல்ல. கந்தோருக்குப் போக ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் காசு வேற. அது உங்களுக்கு விவாகம் இல்லையா?

பதுளைப் பையன்:
வழக்கப்படி நடந்த கல்யாணத்தைக் கோர்ட் ஏத்துக்கும் சேர். ஆனா பதிவு மேசையில சான்றிதழைத்தான் கேக்கிறாங்க.

ஓய்வு வாத்தியார்:
நான் பதியாத கல்யாணம் செல்லாது என்று சொன்னேனா? சொல்லாததை என் வாயில் திணிக்காதே தம்பி. உன் அப்பாவுக்கே நான் படிப்பித்தவன்.

டிக்கோயாக்காரன்:
சேர் சொல்றது சரி. இன்னொண்ணு, தாய் வாயால சொன்னதை நம்பி எழுதினா எவன் பேரையும் இழுத்து விடலாமே? நல்ல குடும்பத்துப் பையன் வாழ்க்கை என்ன ஆகுறது?

கொழுந்துக்கூடை:
அப்ப தாய் சொன்னா எழுதுவாங்கன்னு காலையில எழுதினது யாரு? இப்ப எழுதக் கூடாதுங்கிறதும் நீங்கதான்!

அவன் கையெழுத்து இல்லாம அவன் பேர் ஏறாதுன்னா, ஓடிப் போறவனுக்குச் சட்டமே கதவைத் திறந்து விடுது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்துல நீதவான் கோர்ட்ல பிள்ளை செலவுக்குத் தாபரிப்புக் காசு கேக்கலாம், கல்யாணம் இல்லாமப் பிறந்த பிள்ளைக்கும் உண்டு. அது எனக்கும் தெரியும். ஆனா தகப்பன் இவன்தான்னு அங்க நிரூபிக்கிறது யாரு? கொழுந்து பறிச்சு விரல் வெடிச்ச அவதான். ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு ஹட்டன் கோர்ட்டுக்குப் போகணும். தாய் பேரைச் சொன்னா எழுதட்டும், இல்லன்னு சொல்றவன் கோர்ட்டுக்குப் போய் இல்லன்னு சொல்லட்டும். அலைய வேண்டியது அவன்.

டிக்கோயாக்காரன்:
அப்பா பேர் இல்லாத பிள்ளைக்குப் பிரஜாவுரிமையே சிக்கல். அதையும் யோசிங்க.

பதுளைப் பையன்:
தப்பு. 2003ல பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்தின பிறகு, தாயோ தகப்பனோ ஒருத்தர் இலங்கைப் பிரஜையா இருந்தா போதும்.

டிக்கோயாக்காரன்:
நடைமுறை வேறன்னு சொன்னேனே.

கொழுந்துக்கூடை:
பிரஜாவுரிமைன்னு பயங்காட்டாதீங்க அண்ணே. 1948ல பிரஜாவுரிமைச் சட்டம் போட்டு, அப்பன் பிறந்த கடதாசி எங்க, தாத்தா பிறந்த கடதாசி எங்கன்னு கேட்டுத்தானே நம்ம சனத்தை நாடில்லாமப் பண்ணினாங்க? என் தாத்தா கடதாசி வச்ச தகரப் பெட்டியைச் சாகுற வரைக்கும் தலமாட்டுலதான் வச்சிருந்தார். கடதாசியில ஒரு கூடு வெறுமையா கெடந்தா என்ன ஆகும்னு மலையகத்தானுக்கு யாரும் படிப்பிக்க வேணாம். நாளைக்கு அந்தப் பிள்ளை ஒண்ணாம் வகுப்புல சேரும்போது அந்தக் கோட்டைத்தான் முதல்ல பார்ப்பாங்க.

ஓய்வு வாத்தியார்:
பாடசாலையில் எவரும் அப்படிப் பார்ப்பதில்லை. நான் அதிபராக இருந்தவன்.

கொழுந்துக்கூடை:
நீங்க பார்க்கல சேர். பார்த்தவங்களை எனக்குத் தெரியும்.

ஓய்வு வாத்தியார்:
ஆசிரியர்களை அவமதிக்கும் இடத்தில் எனக்கு வேலை இல்லை.

டிக்கோயாக்காரன்:
பெரிய மனுசரையும் அனுப்பியாச்சு. இவங்களுக்கு எப்பவும் இதே வேலை. கடைசியா எழுதுறேன், தாய் சொன்னா எழுதுவாங்க. என் மாமா பொய் சொல்ற ஆள் இல்ல.

கொழுந்துக்கூடை:
சரி, உங்க மாமா இருந்த கந்தோர் எது? செவ்வாய்க்கிழமை அவளுக்கு அரைநாள் லீவு போட்டு நான் கூட்டிட்டு வர்றேன். திருத்தப் படிவத்தையும் நானே வாங்கிட்டு வர்றேன். அவ பேரைச் சொல்லட்டும், எழுதட்டும்.

டிக்கோயாக்காரன்:
மாமா ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு.

கொழுந்துக்கூடை:
மாமா ரிட்டயர் ஆனா கந்தோருமா ரிட்டயர் ஆயிருச்சு? எந்தக் கந்தோர்னு சொல்லுங்க அண்ணே.