புதுப்பிப்பு: உலாவியில் மீடியா விசைகள் சில நேரம் மட்டும் வேலை செய்த சிக்கல் தீர்ந்தது

விசைப்பலகையின் பிளே/பாஸ் விசை உலாவியில் ஓடும் பாட்டை ஒரு சமயம் நிறுத்துகிறது, மறுசமயம் கண்டுகொள்வதே இல்லை என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

டிரைவரை (வன்பொருளைக் கணினியோடு இயங்கவைக்கும் மென்பொருள்) மீண்டும் நிறுவியதில் பயனில்லை. நீட்சிகளை (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. விசையை அழுத்தும்போது திரையை உற்றுக் கவனித்தேன்: பாட்டின் பிளே/பாஸ் பொத்தானில் இருந்த இரட்டைக்கோடு (பாஸ் குறி) கண்ணிமைக்கும் நேரம் முக்கோணமாக (பிளே குறி) மாறி, உடனே பழையபடி ஆனது. அதாவது விசை வேலை செய்யாமல் இல்லை, இரண்டு முறை வேலை செய்திருக்கிறது. உலாவி பாட்டை நிறுத்த, எப்போதோ நிறுவி நான் மறந்தே போன இசைக் கட்டுப்பாட்டு நீட்சி அதே அழுத்தலைத் தானும் பெற்று மீண்டும் ஓடவிட்டிருக்கிறது. நீட்சிகளுக்கான குறுக்குவிசைப் பக்கத்தில் அதன் மீடியா விசைகளை நீக்கியதும் சரியாயிற்று. நீட்சியை அகற்றத் தேவைப்படவில்லை.

எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. வேறொரு தாவலில் கடைசியாக ஒரு காணொளியை ஓட்டி நிறுத்தியிருந்தால், விசை அதற்கே போகிறது. இது பழுதன்று, உலாவியின் இயல்பு. அந்தத் தாவலை மூடினால் விசை மீண்டும் பாட்டுக்கு வந்துவிடுகிறது.