தரவையில் மண் விழுந்தால்: முறைப்பாடு எழுதுறவையின்ர அனுபவங்கள்

கரைவாசி:
தரவையை, அதாவது கடல்நீரேரி ஓரத்து வெளிநிலத்தை, நிரப்பக் கிரவலும் கட்டட இடிபாடும் கொட்டுவது பெரும்பாலும் ஆடி, ஆவணியில்தான். அப்போது கடல்நீரேரி ஓரம் வற்றி, உப்புப் பூத்துக் கிடக்கும். பார்க்க வரும் உத்தியோகத்தர் "வெறும் வெட்டை" என்று எழுதிவிட்டுப் போவார். அதே இடம் மார்கழியில் முழங்கால் தண்ணீர். ஊசிவால் வாத்தும் பூநாரையும் மேயும். ஆகவே ஒரே இடத்தில் நின்று மாரியில் ஒரு படம், கோடையில் ஒரு படம் எடுக்க வேண்டும். இரண்டிலும் அதே மதகோ மின்கம்பமோ தெரியட்டும். கணினியில் கூகுள் எர்த் திறந்தால் பழைய செய்மதிப் படங்களும் கிடைக்கும். பறவைக் கணக்கு ஒரு வருசத்தோடு நிற்கக்கூடாது. மழையைப் பொறுத்துப் பூநாரை நீரேரி மாறி இறங்கும், ஒரு மாரியில் வராததை வைத்தே "பறவை இல்லை" என்று அறிக்கை வந்துவிடும்.

வடலி:
படத்தை வாட்ஸ்அப்பில சும்மா அனுப்பினா இடக்குறியும் நேரமும் அழிஞ்சு போகும். ஆவணமா இணைச்சு அனுப்புங்கோ. "நிறைய மண்" எண்டு எழுதினா ஒருத்தரும் அசையாயினம். எத்தினை லோட், எந்த நாள், எத்தினை மணி எண்டு எழுதவேணும். மண் அளக்கிற ஒரு கியூப் எண்டா 100 கன அடி, அதை வைச்சுக் கணக்குப் பாருங்கோ. நீண்ட விடுமுறை நாளிலதான் ட்ராக்டர் கூட ஓடும், கந்தோர் பூட்டு எண்டு அவைக்குத் தெரியும்.

பழைய கோவை:
முதலில் காணியின் வகையைப் பாருங்கள். வடக்கிலுள்ள சுண்டிக்குளம் 1938இல் சரணாலயம், 2015இல் தேசிய பூங்கா. தேசிய பூங்கா எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலை செய்ய வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். சரணாலயத்துக்கு அந்த ஒரு மைல் விதி கிடையாது. இதைக் குழப்பினால் முறைப்பாடு முதல் பந்தியிலேயே அடிபடும்.

தகவலுக்கான உரிமைச் சட்டத்தில் (2016இன் 12ஆம் இலக்கம்) "ஏன் அனுமதித்தீர்கள்?" என்று கேட்டால் உருப்படியாக ஒன்றும் வராது. அனுமதிக் கடிதப் பிரதி, நில அளவை வரைபட இலக்கம் என்று ஆவணத்தைக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் முடிவு தரவேண்டும், மறுத்தால் மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான். கடித உறையைக்கூட எறியாதீர்கள். தபால் முத்திரைத் திகதி அதில்தான் இருக்கும்.

திட்டம் தொடங்கமுன் செய்யும் முழு ஆய்வான சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள், தமிழிலேயே எழுதலாம். அதைவிடச் சுருக்கமான தொடக்க சுற்றாடல் பரிசோதனைக்கு அந்த 30 நாள் கட்டாயமில்லை. அதனால் திட்டம் எந்த வகைக்குள் போகிறது என்பதிலேயே முதல் சண்டை.

கரைவாசி:
பாதுகாக்கப்பட்ட இடம் என்று வர்த்தமானி வந்தால் காணி காப்பாற்றப்பட்டது என்றும் நினைக்க வேண்டாம். மன்னார் விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கிடம். 2024 மே மாதம் 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென விடுவித்தார்கள், அது உயர் நீதிமன்றம் வரை போனது. எல்லையைக் குறைக்க முன் சூழல் விளைவுகளை ஆராய்ந்த அறிக்கை இருக்க வேண்டும் என்பது சட்டம். முதலில் கேட்கவேண்டிய ஆவணம் அது.

வடலி:
மறந்திடாதேங்கோ, பாதுகாக்கிற இடத்துக்கு நடுற எல்லைக்கல் எண்டாலே சனம் காணி போகுது எண்டு பயப்படுது. அதில நியாயமும் இருக்கு. கடற்றொழிலாளர் சங்கத்தோட முதல் கதைச்சு, கண்டல் காட்டுக்குள்ள றால் குஞ்சு வளருற இடத்தை அவையையே வரைபடத்தில குறிக்கச் சொல்லுங்கோ. கடிதத்தில சங்கத்தின்ர முத்திரையும் விழவேணும். இல்லாட்டி "ஊர்ச்சனம் எதிர்க்கேல்லை" எண்டு மற்றப் பக்கம் எழுதும்.